மாதிரிச் சுவர்: உறவினர்களுக்கு ஒரு விளக்கம்

எங்கள் குடும்பத்தார் கட்டிய சுவர் எதுவும் இதுவரை யார் மேலும் சாய்ந்ததில்லை. குடும்பத்தாரும் அப்படித்தான்.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கட்டுமானத் திறன் கூட்டுப் பயிற்சி மையம் என்ற இடத்தில், நுழைந்ததும் வலது கைப்பக்கம், ஒரு கருங்கல் பலகையில் என்னைப் பற்றி ஒரு சொல் வெட்டப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த என் தங்கை கணவர், ஒரு வாரமாக என்னோடு பேசும்போதெல்லாம் பாதியில் இருமுகிறார். சம்பந்தி வீட்டார் "எல்லாரும் சௌக்கியம்தானே?" என்று இரண்டு முறை விசாரித்துவிட்டார்கள். மூன்றாம் முறை விசாரிப்பதற்குள் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவது மரியாதை.

எனக்கு நாற்பத்தொரு ஆண்டு கொத்து வேலை. பெரிய மேஸ்திரி என்பார்கள். என் மகன் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து கணினியைத் தட்டப் போய்விட்டான். அதைப் பற்றி நாங்கள் வீட்டில் பேசுவதில்லை. அந்தக் குறையை என் மருமகள் தீர்த்தாள். கல்யாணமாகி வரும்போதே கரண்டியோடு வந்தவள் அவள். பதினைந்து ஆண்டாக ஒரே கட்டுமான நிறுவனத்தில் செங்கல் கட்டுகிறாள். அந்த நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் மூன்றாம் மாடிச் சுவர் முழுக்க அவள் கை.

அந்த மூன்றாம் மாடியில் உட்கார்ந்துதான் அவர்கள் முடிவெடுத்தார்கள்.

நிறுவனமும் ஒரு கல்லூரியும் சேர்ந்து அந்தப் பயிற்சி மையத்தைத் தொடங்குவது என்று புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. இனி வேலையிடத்து வாசலில் திறன் அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே கதவு திறக்கும். அட்டையைக் கல்லூரி தரும். மூன்று மாதம் பயிற்சி, பிறகு தேர்வு, பிறகு அட்டை. பதினைந்து ஆண்டு கட்டியதற்கு அட்டை கிடையாது. அது பயிற்சி இல்லையாம், வெறும் வேலையாம்.

"நான் கட்டின சுவத்துல முதுகைச் சாய்ச்சு உக்காந்துக்கிட்டு, எனக்குச் சுவர் கட்டத் தெரியுமான்னு கேக்கறாங்க, மாமா" என்றாள் மருமகள்.

"கேட்டா பதில் சொல்லிட்டுப் போயேன். தெரிஞ்சவளுக்கு என்ன பயம்?" என்றேன்.

அந்த வார்த்தையை அவள் இன்றுவரை எனக்குத் தவணை முறையில் திருப்பித் தந்துகொண்டிருக்கிறாள்.

பாடத்திட்டக் குழுவில் கையில் அழுக்குப் பட்ட ஒருவராவது இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்திருக்கிறது. அந்த விதியை நிறைவேற்ற என் வீட்டுக்குக் கார் வந்தது. குழுவில் என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவராகத் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார்கள். ஒருவர் தமக்குக் கட்டுமானத் துறையில் பதினெட்டு ஆண்டு அனுபவம் என்றார். எந்தக் கட்டடம் என்று ஆசையாகக் கேட்டேன். கட்டடம் இல்லை, கருத்தரங்கம் என்றார்.

கல்லூரி முதல்வர் எழுந்து பேசினார். "இத்தனை நாள் தொழில்துறை ஒரு பக்கம் நின்னுச்சு, கல்லூரி ஒரு பக்கம் நின்னுச்சு. நடுவுல பெரிய பள்ளம். இன்னைக்கு அந்தப் பள்ளத்துல நாம எல்லாருமா சேர்ந்து இறங்கியிருக்கோம்!"

கை தட்டினார்கள். பள்ளத்தில் இறங்கியதற்குக் கை தட்டி நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்து நிறுவனத்தின் கூட்டாண்மை மேலாளர். கூட்டாண்மை என்பதைத் தவிர அவர் வேறு எதை மேலாண்மை செய்கிறார் என்று கடைசிவரை தெரியவில்லை. "எங்களுக்குக் கையால வேலை செய்யறவங்க தேவையில்லை" என்றார் அவர். "வேலைன்னா என்னன்னு விளக்கத் தெரிஞ்சவங்க தேவை. விளக்கம் சரியா இருந்தா சுவர் தானா எழும்பும்."

இரண்டு மணி நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார்கள். "ஐயா, நீங்க துறை வல்லுநர். நல்ல கொத்தனாரை உருவாக்க என்னென்ன தேவை? உங்க பாணியிலேயே சொல்லுங்க."

நான் என் பாணியிலேயே சொன்னேன். "கரண்டி வேணும். நூல் பிடிக்கணும். குண்டு போடணும். மட்டம் பார்க்கணும். இந்த நாலும் கைக்குப் பழகிட்டா கொத்தனார். மத்ததெல்லாம் வெயில்ல நின்னா தானா வரும்."

பெண் கொடுத்தும் எடுத்தும் எங்களோடு சேர்ந்த பிற தொழில்காரர்களுக்காகச் சொல்கிறேன். கரண்டி, கலவையை அள்ளிப் பூச. நூல், செங்கல் வரிசை கோணாமல் போக இழுத்துக் கட்டும் கயிறு. குண்டு என்பது தூக்குக்குண்டு, நூலில் தொங்கும் இரும்பு. சுவர் நேராக நிற்கிறதா என்று அது சொல்லும். மட்டம், செங்கல் ஏற்ற இறக்கமில்லாமல் படுத்திருக்கிறதா என்று பார்ப்பது. சுவர் மட்டமாக இருக்கிறது என்று ஒரு கொத்தனார் சொன்னால் அதற்கு மேல் புகழ்ச்சி எங்களிடம் இல்லை.

மையத்தின் ஒருங்கிணைப்பாளர் என்று ஓர் அம்மையார் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "குண்டு எத்தனைங்க ஐயா?"

"ஆளுக்கு ஒண்ணு."

எழுதிக்கொண்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மையத்தைத் திறந்துவைக்க நாற்பத்திரண்டு பிரமுகர்கள் வந்தார்கள். ஆளுக்கு ஒரு செங்கல் வைத்து ஒரு மாதிரிச் சுவர் எழுப்புவது, பயிற்சிக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது என்று ஏற்பாடு. முதல் கல்லுக்கு முன்னால் நூல் கட்டலாமா என்று கேட்டேன். நாடா கட்டியாயிற்று என்றார்கள். அது வெட்டுவதற்கு.

சிலர் கையில் ஒட்டும் என்று கலவை இல்லாமலே கல்லை வைத்தார்கள். சிலர் கலவையை மேலே தடவிவிட்டு, ரொட்டியைப் பார்ப்பதுபோல் திருப்தியாகப் பார்த்தார்கள். ஒருவர் புகைப்படத்தில் தம் முகம் சரியாக விழவில்லை என்று, வைத்த கல்லைப் பிடுங்கி மூன்று முறை வைத்தார். கடைசியில் சுவர் இடுப்பளவு உயர்ந்தது. உயர்ந்தது என்பதைவிடக் கிளம்பியது என்றால் பொருத்தம். அது வாசல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

நான் முதல்வரைத் தனியாக அழைத்தேன். "விழா முடிஞ்சதும் இதை இடிச்சிட்டு நாலு கொத்தனாரை விட்டுத் திரும்பக் கட்டிடுங்க. ஒரு மணி நேர வேலை."

முதல்வர் என்னை அனுதாபத்தோடு பார்த்தார். "ஐயா, இதுல நாப்பத்திரண்டு பேரோட கை பட்டிருக்கு. யாரோட கல்லை முதல்ல எடுக்கறது, சொல்லுங்க? அதுமட்டுமில்ல, சுவர் காலையிலேயே சொத்துப் பதிவேட்டுல ஏறிடுச்சு."

"காலையில சுவரே இல்லையே?"

"பதிவேடு முன்கூட்டியே போட்டுடுவோம். திட்டமிடல்னா அதுதானே."

மறுநாள் மாதிரிச் சுவரைச் சுற்றிக் கண்ணாடிப் பெட்டி வந்தது. காற்றுப் பட்டால் விழுந்துவிடும் என்று யாரோ உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள்.

பயிற்சி தொடங்கியது. மருமகளோடு இன்னும் இருபத்தொன்பது பேர். அவர்களில் முன்பின் செங்கல்லைத் தூக்கியவர் யாருமில்லை. முதல் நாள் மாலை அவள் வீட்டுக்கு வந்து பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து மேசைமேல் வைத்தாள். நீண்ட கைப்பிடி, குழிந்த வாய், பளபளவென்று. விருந்தில் பரிமாறுவார்களே, அந்தக் கரண்டி.

"என்ன இது?"

"கரண்டி. முந்நூறு வந்து இறங்கியிருக்கு மாமா. பெட்டி மேல 'துறை வல்லுநரின் பரிந்துரைப்படி'ன்னு அச்சடிச்சிருக்கு. துறை வல்லுநர் யாருன்னு எல்லாரும் கேட்டாங்க. எனக்குத் தெரியாதுன்னுட்டேன். குடும்ப மானம் இருக்கில்ல?"

இரண்டாம் வாரம் நூல் பிடிக்கும் பயிற்சி. ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள், அறுநூற்று நாற்பது பக்கம். அதை இரண்டு கையாலும் மார்புயரத்தில் நாற்பது நிமிடம் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். படிக்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டாராம். பாடத்திட்டத்தில் பிடிக்கணும் என்றுதான் இருக்கிறது, படிக்கணும் என்று இல்லை என்று பதில் வந்ததாம்.

மூன்றாம் வாரம் கலவை வகுப்பு என்று அறிவித்ததும், அப்பாடா என்று அவள் பழைய சேலை கட்டிக்கொண்டு போனாள். கலவைக் கற்றல் என்றால் பாதி நேரில் பாதி கணினியில் பாடம் கேட்பதாம். சிமெண்டையே கண்ணில் காட்டவில்லை. அழுக்குப்படாத பழைய சேலையோடு திரும்பி வந்தவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. "என்னம்மா கலவை?" என்றேன். "தண்ணி ஜாஸ்தி" என்றாள்.

நான்காம் வாரம், இது ஆகாது என்று, அவள் தன் தூக்குக்குண்டையே பையில் போட்டு எடுத்துப் போனாள். வாசல் காவலாளி பையைத் திறக்கச் சொன்னார்.

"என்னம்மா உள்ள?"

"குண்டு, அண்ணே."

காவலாளி எடுத்துப் பார்த்தார். அவரும் இளமையில் கல் சுமந்தவராம். "எனக்குத் தெரியும்மா இது என்னன்னு. ஆனா பதிவேட்டுல 'பொருள்: குண்டு'ன்னு எழுதினா எனக்கு வேலை போயிடும். எழுதாம விட்டா உனக்குக் குண்டு போயிடும். எது போகட்டும், சொல்லு."

"உங்க வேலை இருக்கட்டும் அண்ணே. ஆனா நான் குண்டை விட்டுட்டுப் போக மாட்டேன்."

அவர் வேறு வழியில்லாமல் எழுதினார். வேலை போகவில்லை, வகுப்புதான் போயிற்று. அரை மணி நேரத்தில் எல்லா வகுப்புகளும் காலி செய்யப்பட்டு, முதல்வரிலிருந்து கணக்கர் வரை மைதானத்தில் நின்றார்கள். மாதிரிச் சுவரை மட்டும் வெளியே கொண்டுவர முடியவில்லை என்று வருந்தினார்களாம்.

மூன்றாம் நாள் எனக்குப் பதிவுத் தபால். "கடந்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் தாங்கள் 'குண்டு போடணும்' என்றும், எண்ணிக்கை கேட்டதற்கு 'ஆளுக்கு ஒண்ணு' என்றும் கூறியது குறிப்பேட்டில் பதிவாகியுள்ளது. இதன் பின்னணியை ஏழு நாட்களுக்குள் நேரில் விளக்கவும்."

எங்கள் குடும்பத்தில் யாரும் எதற்கும் விளக்கம் கொடுக்கக் கூப்பிடப்பட்டதில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். பறிமுதலான குண்டைக் காவலாளி ஒரு தட்டில் வைத்து ஏந்தி வர, முதல்வர் அறைக்குள் நுழைந்தேன். வாயால் சொன்னால் புரியாது என்று, கதவு நிலையின் உச்சியில் நூலைப் பிடித்துக் குண்டைத் தொங்கவிட்டேன். ஆடியது, நின்றது. மேலே நூலுக்கும் நிலைக்கும் நூலிழை இடைவெளி, கீழே ஒரு விரல்.

"இதுதாங்க குண்டு. உங்க நிலை ஒரு விரல் சாய்ஞ்சிருக்கு. இதைச் சொல்றதுதான் இதோட வேலை."

முதல்வர் நிலையையும் குண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் முதல்முறையாகப் பயம் தெரிந்தது.

"பத்து வருஷமா இந்தக் கதவு திறக்குது, சாத்துது. யாரும் ஒரு குறை சொன்னதில்ல. இதை எடுத்துக்கிட்டு ஒருத்தர் ஒவ்வொரு அறையா போனா என்னங்க ஆகும்?"

"எது கோணல்னு தெரியும்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் முதல்வர். "நிர்வாகம்னு ஒண்ணு நடக்க வேண்டாமா?"

வெடிக்காது என்று தெரிந்ததும் குண்டை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். தெரிந்த பிறகுதான் தடை உறுதியானது. 'வளாக அமைதியைக் குலைக்கும் கருவி' என்று பட்டியலில் சேர்த்தார்கள். மருமகளின் குண்டு காவலாளி அறை அலமாரியில் பூட்டப்பட்டது.

மூன்று மாதம் முடிந்து தேர்வு வந்தது. எழுத்துத் தேர்வில் நல்ல சுவரின் இலக்கணம் என்ன என்று ஒரு கேள்வி. 'செங்கல் வரிசை ஒவ்வொன்றும் மட்டமாக இருக்க வேண்டும்' என்று மருமகள் எழுதினாள். அதற்குப் பூஜ்யம். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'தரம் குறைந்த வேலையை ஆதரிக்கும் மனப்பான்மை. ஆலோசனை தேவை.'

செய்முறைத் தேர்வு அதைவிட விசேஷம். எல்லோரும் இடுப்பளவுச் சுவர் கட்ட வேண்டும். திருத்துவதற்கு ஒரு கருவி வேண்டுமே? மாதிரிச் சுவரின் பக்கவாட்டை அப்படியே வரைந்து, அந்த வளைவு நெளிவு மாறாமல் ஒரு மரச்சட்டம் வெட்டி வைத்திருந்தார்கள். சட்டத்தைச் சுவரோடு ஒட்டிப் பிடிப்பார்கள். பொருந்தினால் தேர்ச்சி. வாழ்க்கையில் செங்கல் தொடாத இருபத்தொன்பது பேரின் சுவர்களும் பொருந்தின. கற்றுக்கொடுக்காமலே கோணல் வந்துவிடுகிறது. அது ஒன்றுதான் மனிதனுக்கு இயற்கையாக வரும் திறன்.

மருமகளின் சுவருக்கும் சட்டத்துக்கும் இடையில் உச்சியில் நாலு விரல் இடைவெளி. குண்டு இல்லாமல், கண்ணாலேயே தூக்குப் பார்த்துக் கட்டியிருந்தாள்.

தேர்வாளராக வந்திருந்தவர் கூட்டாண்மை மேலாளர். "உங்க சுவர் மாதிரியிலிருந்து ரொம்ப விலகுதும்மா" என்றார்.

"விலகினது எதுன்னு ஒரு நூலைத் தொங்கவிட்டுப் பார்த்துடலாமே, சார்."

"கருத்து வேறுபாட்டுக்கு இங்க இடமில்ல. பாருங்க, இருபத்தொன்பது பேர் ஒரே மாதிரி யோசிச்சிருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் தனியா நிக்கறீங்க. வேணும்னா இன்னொரு வாய்ப்பு தர்றேன். கொஞ்சம் சாய்ச்சுக் கட்டுங்க, போட்டுடறேன்."

"சாய்ச்சுக் கட்ட எனக்கு வராது சார். அதுக்கு இன்னும் மூணு மாசம் பயிற்சி வேணும்" என்றாள்.

தேர்ச்சி பெறவில்லை என்று தாள் கொடுத்து அனுப்பினார்கள். அட்டை இல்லாதவர்களுக்கு வேலையிடத்துக் கதவு மூடுவதற்கு மூன்று வாரம் இருந்தது.

அன்று மாலை அவள் சாப்பிடாமல் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கொத்துக் கரண்டிதான். கழுவியதையே கழுவினாள். இந்தப் பயிற்சி வரும்வரை பதினைந்து ஆண்டில் ஒருநாள்கூட அவள் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. என் பேத்தி பிறந்தபோது இருந்ததைத் தவிர. "தெரிஞ்சவளுக்கு என்ன பயம்னு சொன்னீங்க" என்றாள், நிமிராமலே. "தெரிஞ்சவளுக்குத்தான் மாமா இங்க பயம்."

நான் எழுந்து காகிதம் எடுத்தேன். மட்டம் என்ற சொல் தொழில் வழக்கில் இழிவு அல்ல, உயர்வு. ஒரு கொத்தனாருக்குக் கிடைக்கக்கூடிய பெரிய பாராட்டு அதுவே. ஆகவே என் மருமகளின் விடைக்கு உரிய மதிப்பெண் தரப்பட வேண்டும் என்று மூன்று பக்கம் மேல்முறையீடு எழுதினேன்.

இங்கே நான் ஒரு பிழை செய்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த மையத்தார் எதையும் அரைகுறையாகப் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். இதை முழுமையாகப் புரிந்துகொண்டுவிட்டார்கள்.

கலைச்சொல் குழு கூடியது. மூன்று அமர்வு, மூன்று தேநீர் இடைவேளை. 'மட்டம்: மிக உயர்ந்த தரம், இம்மையத்தின் எல்லா ஆவணங்களிலும் இப்பொருளே கொள்ளப்படும்' என்று தீர்மானம் நிறைவேறியது. தொழில்துறையின் மொழியைக் கல்லூரி ஏற்றுக்கொண்ட முதல் தருணம் என்று அதை அறிவித்தார்கள். மருமகளுக்கு அந்த மதிப்பெண் வந்தது. அதோடு நிற்கவில்லை. அடுத்த வாரம் மையத்தின் வாசலில் ஆளுயர எழுத்தில் ஒரு பதாகை தொங்கியது.

மட்டமான பயிற்சி! மட்டமான ஆசிரியர்கள்! மட்டமான எதிர்காலம்!

ஒருங்கிணைப்பாளர் அம்மையாருக்கு மட்டும் கொஞ்சம் உறுத்தியிருக்கிறது. "சார், வெளியில இருக்கறவங்க வேற மாதிரி எடுத்துக்குவாங்களோ?" என்று முதல்வரைக் கேட்டாராம்.

"வெளியில இருக்கறவங்க நம்ம ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்காங்களா?" என்றாராம் முதல்வர். "தெருவுல என்ன அர்த்தம்னு நமக்கெதுக்கு? குழு கூடிச் சொன்னா அதுதான் அர்த்தம்."

அது முதல் ஒவ்வொரு கூட்டத்திலும் 'நமது மட்டமான முதல்வர் அவர்களே' என்று தொடங்கினார்கள். அவரும் நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்து ஏற்றுக்கொண்டார்.

ஆனால் செய்முறைத் தேர்வின் நாலு விரல் இடைவெளி அப்படியே இருந்தது. கதவு மூட நான்கு நாள் இருக்கும்போது கூட்டாண்மை மேலாளர் என் வீட்டுக்கே வந்தார். நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார்.

"ஐயா, வெள்ளிக்கிழமை தர ஆய்வுக் குழு வருது. மாதிரிச் சுவரைப் பத்தித் துறை வல்லுநரோட கருத்து கல்வெட்டா இருக்கணும்னு விதி. நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்க. உங்க மருமகளோட சுவரை அன்னைக்கே மறுமதிப்பீடு பண்ணிடலாம். அட்டை கையில."

"என்ன எழுதணும்?"

"உங்க மனசுல இருக்கறதை எழுதுங்க. சுவர் நேரா இருக்கு, நல்லா இருக்குன்னு."

"என் மனசுல அது இல்லையே."

"அப்ப எங்க மனசுல இருக்கறதை எழுதுங்க."

நாளை சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த மருமகள் வெளியே வந்தாள்.

"எழுதாதீங்க மாமா."

"உன் வேலைம்மா."

"பொய் எழுதி வாங்கின அட்டையோட உள்ள போனா, நூல் கட்டறப்ப கை நடுங்கும். எனக்கு வேணாம்." பிறகு, அழுதுவிடக் கூடாது என்பதற்காகவோ என்னவோ, மேசைமேல் கிடந்த ஆய்வு நாள் அழைப்பிதழை எடுத்துச் சத்தமாகப் படித்தாள். "'மட்டமான முதல்வர் தலைமையில், மட்டமான மேலாளர் முன்னிலையில்.' பாருங்க, உங்க புண்ணியத்துல ஊரே மட்டமாயிடுச்சு. அவங்க வாயாலேயே உண்மை வருது, அவங்களுக்கே தெரியல."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"பேனா எங்கம்மா?" என்றேன்.

மறுநாள் மேலாளரிடம் இரண்டு வரி கொடுத்தேன். அவர் வாய்விட்டுப் படித்தார்.

"என் வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் சுவர்களைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு மட்டமான சுவரை எங்கும் கண்டதில்லை."

மேலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயா! எங்க அகராதியிலேயே எழுதிட்டீங்களே. மனசாரத்தான் எழுதினீங்களா?"

"மனசார."

"எதையும் மாத்த வேண்டாமே?"

"ஒரு எழுத்தை மாத்தினாலும் என் கையெழுத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க."

மறுமதிப்பீடு அரை மணியில் முடிந்தது. மரச்சட்டத்தை மருமகளின் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்து, பொருந்துகிறது என்று எழுதினார்கள். ஆய்வுக் குழு வந்தது, கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று சுவரைப் பார்த்தது, கல்வெட்டைப் படித்தது, மையத்துக்கு மிக மட்டம் என்று தரச்சான்று கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனது. காவலாளி அலமாரியைத் திறந்து, தட்டு இல்லாமல், குண்டை அவள் கையில் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை வேலையிடத்து வாசலில் அவள் அட்டையை நீட்டினாள். அங்கிருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது, 'திறன்: மட்டம்'னு போட்டிருக்கு?"

"ஆமா அண்ணே. அதுக்குத்தான் என்னை வெச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மதியத்துக்குள் பன்னிரண்டு வரிசை கட்டினாளாம். அதே அட்டையோடு போன இருபத்தொன்பது பேரும் கட்டியதை மறுநாள் இடித்துக் கட்ட வேண்டியிருந்தது. இரண்டு வேலைக்கும் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை. என் வாசகத்தில் ஒரு எழுத்தையும் அவர்கள் மாற்றவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். ஆனால் கல்லில் கீழே கொஞ்சம் இடம் மிச்சம் இருந்திருக்கிறது. வெறுமையாக விட்டால் நன்றாயிருக்காது என்று, என்னைக் கௌரவிக்கும் எண்ணத்தோடு, என்னைக் கேட்காமலே ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்.

'இவ்வாறு கூறியவர்: மட்டமான மேஸ்திரி.'

தங்கை கணவர் இருமியது இதற்குத்தான்.

முதலில் எனக்கு உளியை எடுத்துக்கொண்டு போகலாம் என்றுதான் தோன்றியது. மருமகள் தடுத்தாள். "மேல இருக்கற மட்டத்தை ஊர் அகராதியில படிக்கணும், கீழ இருக்கறதைத் தொழில் அகராதியில படிக்கணும். அவ்வளவுதானே மாமா? படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு என்ன பயம்?"

இருந்தாலும் ஒரு முறை நேரில் பார்த்துவிடுவது என்று இருவரும் போனோம். அவள் கல்லின் முன்னால் நூலை இழுத்துப் பிடித்தாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். காவலாளி ஓடி வந்து பார்த்துவிட்டு அவரும் சிரித்தார்.

பலகையைப் பதித்தவர்களும் அந்த மையத்தில் தேறியவர்களே. கல் இடப்பக்கம் மூன்று விரல் இறங்கியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் தலையைச் சாய்த்துத்தான் அதைப் படிக்கிறார்கள்.

ஆகவே உறவினர்கள் கவனிக்க. தலையைச் சாய்த்துப் படித்தவர்களுக்கு நான் மட்டமாகத் தெரிந்திருக்கலாம். எங்கள் குடும்பத்தார் எதையும் நிமிர்ந்து நின்றே படிப்பது வழக்கம். அங்கே நிமிர்ந்து நின்று பாருங்கள், சாய்ந்திருப்பது எது என்று தெரியும்.